மேடேயா, பான்-பானா?

"எஞ்சின் நின்டா மேடே சொல்லலாமோ தம்பி?" முகத்துவாரத்தில் பலநாள் படகு ஓட்டும் அண்ணர் ஒருவர் கேட்டார். அவருடைய வி.எச்.எஃப். வானொலி செட்டில் சிவப்புப் பொத்தானுக்கு ஒரு சின்ன மூடி. மூடியின் விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

இரண்டும் வானொலியில் உதவி கேட்கும் சொற்கள்: மேடே உடனடி உயிராபத்துக்கு, பான்-பான் அதற்குக் குறைந்த அவசரத்துக்கு. எஞ்சின் நின்றது மட்டும்தான், படகு மிதக்கிறது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்றால் பான்-பான் போதும். தண்ணீர் ஏறுகிறது, தீப்பிடித்துவிட்டது, அலை பாறைப் பக்கம் தள்ளுகிறது என்றால் மேடே. இரண்டையும் ஆபத்து அழைப்புக்கான சனல் 16 இல் மூன்று தரம் சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகு நடப்பதில்தான் பெரிய வித்தியாசம். மேடே கேட்டால் அந்தச் சனலில் மற்ற எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பலானாலும், உதவக்கூடிய இடத்தில் இருந்தால் திரும்பி வர வேண்டும் என்பது சட்டம். பான்-பானுக்கு அவ்வளவு வலிமை இல்லை. ஆனாலும் மேடேயைத் தவிர மற்ற எல்லாப் பேச்சுக்கும் அது முந்தும். கடுமையான நோயாளிக்கு வைத்திய ஆலோசனை கேட்கவும் அதுதான் வழி.

வானத்திலும் இதே சொற்கள்தான். விமானி அவசர அலைவரிசையான 121.5 மெகாஹேர்ட்ஸைத் தேடி ஓடாமல், ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லிவிடுவார். ஆனால் நேரக் கணக்கு வேறு. பழுதான படகு மணிக்கணக்கில் மிதக்கும். விமானம் அப்படி நிற்காது. 1998 செப்டெம்பர் 2 இரவு, புகை மணத்த சுவிஸ்எயார் 111 முதலில் பான்-பான்தான் சொன்னது. சுமார் பத்து நிமிடத்தில் அது அவசரநிலை அறிவிப்பாக மாறியது. 229 பேரும் இறந்தார்கள்.

எனக்கு இன்னும் வலிக்கும் கதை அவியாங்கா 52 விமானத்துடையது. 1990 ஜனவரியில் நியூயோர்க்கை நெருங்கியபோது எரிபொருள் தீர்கிறது என்றார்கள், முன்னுரிமை கேட்டார்கள். மேடேயும் சொல்லவில்லை, பான்-பானும் சொல்லவில்லை. 73 உயிர்கள் போயின. இன்று 'மினிமம் ஃபியூவல்' (எரிபொருள் குறைவு) என்றால் எச்சரிக்கை மட்டும். அவசரம் என்றால் 'மேடே ஃபியூவல்' என்று மூன்று மேடேயோடு சொல்ல வேண்டும்.

ஆகவே என் தெரிவு: பழுது சின்னதாக இருக்கும்போதே பான்-பான். எதைச் சொல்வதென்று தடுமாறினால் மேடே. ஆபத்து விலகியதும் அதே சனலில் இரத்துச் செய்துவிடலாம்.

அண்ணர் வெள்ளை டேப்பில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். பான்-பான் மூன்று தரம், படகின் பெயர், நிற்கும் இடம், என்ன பழுது, எத்தனை பேர். மூடியில் உப்பைத் துடைத்துவிட்டு, அதற்குக் கீழே ஒட்டினார்.