வீட்டுக் கணினியில் மெயில்: தண்டர்பேர்டா, புது அவுட்லுக்கா, பிரௌசரே போதுமா?

விண்டோஸோடு சும்மா வந்த 'மெயில்' செயலியை மைக்ரோசாஃப்ட் 2024 கடைசியோடு நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் அதில் மெயில் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். என் மெயில், மனைவி மெயில், நான் செயலாளராக இருக்கும் கோயில் நிர்வாகத்தின் மெயில் எல்லாம் அந்த ஒரே பெட்டியில், அதுவும் விண்டோஸ் 11 ஏறாத பழைய பெட்டி. மாறித்தான் ஆக வேண்டும். நான் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருளுக்கு மாறினேன், கீழே எழுதியிருப்பதும் அந்தப் பக்கமே சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அனுப்புவது, தேடுவது, கோப்பு இணைப்பது எல்லாம் எதிலும் நடக்கும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. காசு கட்டி வாங்கும் பழைய அவுட்லுக் நல்ல மென்பொருள்தான், ஆனால் வீட்டு மெயிலுக்காக வருடா வருடம் சந்தா கட்டுவது எனக்கு ஒத்துவராது. அதை விட்டுவிட்டேன்.

பிரௌசரில் ஜிமெயில் என்றால் நிறுவ வேண்டிய வேலையே இல்லை. ஒரே ஒரு முகவரி வைத்திருப்பவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்களுக்குத் தொல்லை எங்கே என்றால், ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும், கோயில் கடிதம் மனைவி பெயரில் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மத்தியானம் இடி மழை பிடித்து இணையம் போனால் பழைய மெயிலைத் திறந்து பார்க்கவும் முடியாது. குரோமில் ஆஃப்லைன் வசதி இருக்கிறது, அதை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். 15 ஜிபி இலவச இடம் உண்டு, அதில் கூகுள் டிரைவும் கூகுள் போட்டோவும் பங்கு கேட்கும்.

புது அவுட்லுக்தான் மைக்ரோசாஃப்ட் கைகாட்டும் மாற்று. பார்க்க அழகு, முகவரியைக் கொடுத்தால் சட்டென்று வேலை முடிந்தது. இலவசமாகப் பயன்படுத்துகிறவருக்கு மெயில் பட்டியலிலேயே விளம்பரம் ஒன்று மெயில் மாதிரியே உட்கார்ந்திருக்கும், வயதானவர் அதைத் தட்டிவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜிமெயில் கணக்கைச் சேர்க்கும்போது ஒரு பெட்டி எழும்பி, உங்கள் மெயிலை மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு ஒத்திசைக்க அனுமதி கேட்கும். நிறையப் பேர் படிக்காமல் சரி என்று அழுத்திவிடுவார்கள். அழுத்தினால் கூகுளில் இருக்கும் உங்கள் மெயிலின் பிரதி மைக்ரோசாஃப்ட் சர்வரிலும் போய் உட்காரும். இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆனால் இரண்டும் உங்கள் இடமில்லை.

எனக்கு முடிவைத் தீர்த்தது இந்த விஷயம்தான். தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர், நாங்கள் மெயில் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "எல்லாம் சரி தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் செத்துட்டா லெட்டரெல்லாம் எங்க இருக்கும்?" என்று கேட்டார். ஒவ்வொரு கடிதத்துக்கும் கார்பன் பிரதி எடுத்துக் கோப்பில் குத்தி வைத்த மனிதர், அவருக்கு வேறு எந்தக் கேள்வி வரும்? நம் நாட்டில் வருமான வரிக் கழிவு கேட்ட ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். இப்போது பாதி ரசீது மெயிலில்தான் வருகிறது. கோயில் பக்கம் பார்த்தால் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிய ஆண்டறிக்கை, திருவிழாப் பந்தல்காரர் கொடுத்த விலைப்பட்டியல் என்று போகும். செயலாளர் மாறினால் இதெல்லாம் அப்படியே அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். இன்னொன்று, 2 வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்ற விதி 2023 கடைசியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பழைய நிர்வாகம் திறந்துவிட்டு மறந்துபோன முகவரி எத்தனை கோயிலில் இருக்கிறதோ!

தண்டர்பேர்டில் அந்தக் கேள்விக்கு விரலை நீட்டிப் பதில் சொல்லலாம். 2004-இல் 1.0 பதிப்பு வந்த நாளிலிருந்தே மெயிலைச் சாதாரணக் கோப்பாகத்தான் வைக்கிறது. உதவி மெனுவில் டிரபிள்ஷூட்டிங் பக்கத்தைத் திறந்தால் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே அதைத் திறக்கும் பட்டன். அந்த ஒரு ஃபோல்டருக்குள் மெயில், முகவரிப் புத்தகம், கணக்கு அமைப்பு எல்லாம் அடக்கம். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அப்படியே பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். நாளைக்குப் புதுக் கணினி வாங்கினாலும் சரி, இதே பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டாலும் சரி, தண்டர்பேர்டை நிறுவி இந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டால் பழையபடி எழுந்து நிற்கும். கடவுச்சொல்லைச் சேமித்திருந்தால் அதுவும் அதற்குள்தான் இருக்கும், அதனால் அந்தப் பென்டிரைவை மேசைமேல் போட்டு வைக்காதீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்டர்பேர்ட் வழக்கமாக ஐமேப் முறையில் இணைக்கும். சர்வரில் இருப்பதுதான் இங்கேயும் இருக்கும். போனில் ஒரு மெயிலை அழித்தால் கணினியிலும் காணாமல் போகும். கணினியில் தெரிகிறது, பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. உண்மையிலேயே காப்பாற்ற வேண்டியதை இடப்பக்கம் கீழே இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுக்க வேண்டும், அது சர்வரோடு ஒட்டாதது. நான் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று போட்டு, கோயில் கணக்கு முடிக்கும் சமயத்தில் அந்த வருட மெயிலை அங்கே தள்ளிவிடுகிறேன். மெயிலைக் கணினிக்கே இறக்கி வைத்துக்கொள்ளும் பழைய பாப் முறையில் இறக்கினால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் போனிலும் அதே மெயிலைப் பார்ப்பவர்களுக்கு அது சரிவராது.

வருடவாரியாகப் பிரிப்பதில் இன்னொரு லாபம். தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் மெயிலையெல்லாம் ஒரே கோப்பாக அடுக்கும். படங்கள் நிறைந்த இன்பாக்ஸ் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் ஆன பென்டிரைவில் அந்தக் கோப்பு ஏறவே ஏறாது, பென்டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்ற வேண்டும். அழித்த மெயிலும், கோப்பைச் சுருக்கும் 'கம்பாக்ட்' கட்டளையைக் கொடுக்கும்வரை கோப்புக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஜிமெயில்காரர்கள், எல்லா மெயிலும் மறுபடி சேரும் 'ஆல் மெயில்' ஃபோல்டர் இறங்காதபடி 'சப்ஸ்கிரைப்' பட்டியலில் அதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மெயில் இரண்டு தடவை இறங்கி வட்டைத் தின்னும்.

அமைப்பது கஷ்டமா என்றால் இல்லை. பெயர், முகவரி கொடுத்தால் சர்வர் விவரத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது, ஜிமெயிலுக்குக் கூகுளின் சொந்த ஜன்னல் வந்து அனுமதி கேட்கிறது. தண்டர்பேர்டில் குக்கீயை (இணையதளங்கள் கணினியில் வைக்கும் சிறு தகவல்) தடுத்து வைத்திருந்தால் மட்டும் அந்த இடத்தில் முரண்டு பிடிக்கும். முதல் தடவை பழைய மெயில் முழுக்க இறங்கும்போது எங்கள் பெட்டி திணறியது, இரவில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் வந்த பழைய தமிழ் மெயில்கள் இதிலும் பூச்சி பூச்சியாகத்தான் தெரிகின்றன, அதற்கு எந்த மென்பொருளைக் குறை சொல்லியும் பயனில்லை.

காலண்டரை நான் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, அதனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு போனுக்கும் தண்டர்பேர்ட் 2024-இல் வந்துவிட்டது, நான் இன்னும் போனில் ஜிமெயில் செயலியோடுதான் இருக்கிறேன். ஆபீஸ் மெயில், கூட்டத் தேதி எல்லாம் மைக்ரோசாஃப்டிலேயே கிடப்பவர்கள் புது அவுட்லுக்கில் இருப்பதுதான் சுகம், அவர்களை இழுக்க மாட்டேன்.

பிரௌசரை விட மனமில்லாதவர்கள் நம் தரவை இறக்கிக்கொள்ளக் கூகுள் வைத்திருக்கும் 'டேக்அவுட்' பக்கத்தில் போய் மெயிலை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். அது எம்பாக்ஸ் கோப்பாக, அதாவது மெயிலையெல்லாம் ஒன்றாக அடுக்கிய கோப்பாக வரும். தண்டர்பேர்டில் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற ஆட்-ஆனை, அதாவது துணை மென்பொருளைப் போட்டால் அந்தக் கோப்பை லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் கொண்டுவந்து இணையம் இல்லாமலே படிக்கலாம்.