எல்டி_லைப்ரரி_பாத்தா, ஆர்பாத்தா?

லினக்ஸில் கோடைத் தானாகவே பில்ட், டெஸ்ட் செய்யும் பைப்லைனில் பில்ட் ஒழுங்காக முடிந்து, டெஸ்ட் மட்டும் ஷேர்டு லைப்ரரி (புரோகிராம் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் பொதுவான கோடு) கிடைக்கவில்லை என்று நின்றால் சட்டென்று கைக்கு வருவது எல்டி_லைப்ரரி_பாத் (LD_LIBRARY_PATH), அதாவது லைப்ரரிகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும் சூழல் மாறி. ஒரே வரி, மறுபடி லிங்க் செய்ய வேண்டாம். சரி, ஆனால் அதை எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் அந்த ஷெல்லில் அப்புறம் ஓடும் கிட், கர்ல் (நெட்டிலிருந்து ஃபைல் எடுக்கும் கட்டளை) எல்லாம் அந்த ஃபோல்டர்களிலும் தேடும். பொருந்தாத ஓப்பன்எஸ்எஸ்எல் (என்கிரிப்ஷன் லைப்ரரி) ஒன்று அங்கே கிடந்தால் கர்ல்தான் விழும். நாம் நெட்வொர்க்கைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். கடைசியில் ஒரு கோலன் தொங்கினால் நடப்பு ஃபோல்டரும் தேடலில் சேரும்.

ஆர்பாத் (rpath) என்பது அதே தேடல் பாதையை லிங்க் செய்யும்போது பைனரிக்குள்ளேயே பதிவது. அதில் $ஆரிஜின் ($ORIGIN) கொடுத்தால் பாதை பைனரி இருக்கும் இடத்திலிருந்து கணக்காகும். லைப்ரரிகளோடு சேர்த்து வேறு ரன்னருக்கு (பைப்லைன் ஓடும் மெஷின்) நகர்த்தினாலும் அவற்றைக் கண்டுபிடிக்கும். ஷெல் $ஆரிஜினைத் தன் மாறி என்று நினைத்து விழுங்காமலிருக்க ஒற்றை மேற்கோள் அவசியம். சீமேக் என்ற பில்ட் கருவி, இன்ஸ்டாலின்போது பில்ட் பாதையை நீக்கிவிடும். இன்ஸ்டால் ஆர்பாத்தைத் தனியே சொல்லுங்கள்.

வெளியே போகும் பைனரிக்கு என் ஓட்டு ஆர்பாத்துக்கே. எல்டி_லைப்ரரி_பாத்தை டெஸ்ட் கட்டளைக்கு முன்னால், அதே வரியில் மட்டும் வைப்பேன்.