கல் ஓவியப் பெட்டி: வண்ணம் நிறைவு, அடிப்பூச்சும் மேற்பூச்சும் குறை

கூழாங்கற்களில் ஓவியம் தீட்டத் தொடங்குவோருக்கென்று பலவகைப் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றைச் சில மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்தபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வெண்ணிறக் கூழாங்கற்கள் 10, அக்ரிலிக் வண்ணப் பேனாக்கள் 12, புள்ளி வைக்கும் கருவிகள், இரண்டு தூரிகைகள், வடிவம் வெட்டிய நெகிழித் தகடுகள், படியெடுக்கும் தாள்கள், சிறு புட்டியில் வார்னிஷ், நான்கு பக்கக் கையேடு ஆகியவை பெட்டியில் உள்ளன. பேனாக்கள் மிக நன்றாக இருக்கின்றன. புள்ளிக் கருவிகளும் குறைசொல்ல இடமில்லாதவை. ஆனால் கல்லுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் இருக்க வேண்டியதையும், வண்ணத்துக்கு மேலே இருக்க வேண்டியதையும் தயாரித்தவர்கள் பொருட்படுத்தவே இல்லை. கல்லின் மேல் ஓவியம் நிற்பதும் உரிந்துபோவதும் அந்த இரண்டையும் பொறுத்தவை என்பதால், இதைச் சிறு குறையென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

முதலில் கற்கள். அவை என்ன கல் என்று பெட்டியின் மேல் எங்கும் எழுதப்படவில்லை. ஒன்றின் அடிப்பக்கத்தில் ஒரு துளி வினிகரை விட்டபோது நுண்ணிய குமிழிகள் எழுந்தன. ஊசிமுனையால் கீறியபோது எளிதில் கோடு விழுந்தது. இரண்டும் பளிங்கின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் இயல்புகள் என்பதால், இவை உருட்டி மெருகேற்றிய பளிங்குக் கற்கள் என்று கொள்ளலாம். 1812-இல் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த, 1 முதல் 10 வரை செல்லும் கடினத்தன்மை அளவையில் கால்சைட்டின் இடம் 3. ஆற்றுப் படுகைகளில் மிகுதியாகக் கிடைக்கும் குவார்ட்சின் இடம் 7. மென்மையான கல் என்பது ஓவியத்துக்கு ஒரு குறையன்று. வெண்மையும் சீரான வளைவும் புதிதாக வரைபவருக்குப் பெரிய உதவிதான். கறை போக்க வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ மட்டும் இவற்றின் மேல் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அமிலம் பட்ட இடம் அரித்துச் சொரசொரப்பாகிவிடும்.

சிக்கல் மெருகில் இருக்கிறது. பளபளப்புக்காக இக்கற்களின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் பூசப்பட்டிருக்கிறது. குழாயடியில் பிடித்தால் நீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடுகிறது. நீரே ஒட்டாத பரப்பில், நீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் வண்ணம் மட்டும் எப்படிப் பற்றும்? கையேடோ ஈரத்துணியால் துடைத்துவிட்டு வரையச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. அந்த வழியை அப்படியே பின்பற்றி ஒரு கல்லில் வரைந்து, மறுநாள் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல வண்ணம் முழுதாகக் கழன்று வந்தது. இன்னொரு கல்லை வெந்நீரிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் கழுவி, 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை லேசாகத் தேய்த்து, மறுபடி கழுவி, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, அதே பேனாவால் வரைந்தேன். அங்கே நகம் எவ்வளவு அழுத்தினாலும் வண்ணம் அசையவில்லை. ஒரு துண்டு உப்புத்தாளும் கையேட்டில் இரண்டு வரியும் சேர்த்திருந்தால் போதும், இந்தப் பெட்டியை வாங்குவோர் பலருடைய முதல் ஓவியம் பிழைத்திருக்கும்.

பெட்டியில் உள்ள கற்கள் தீர்ந்ததும் நாமே கற்களைத் தேடத் தொடங்குவோம். உண்மையில் இக்கலையின் இன்பமே அங்கேதான் தொடங்குகிறது. அதற்கான வழிகாட்டல் கையேட்டில் அறவே இல்லை. நெடுங்காலம் நீரில் உருண்டு வழவழப்பான குவார்ட்சைட், பசால்ட் என்னும் கரிய எரிமலைக் கல், நுண்மணி கொண்ட கருங்கல் ஆகியவை வண்ணத்தை நன்றாகத் தாங்குகின்றன. மணற்கல் நுண்துளைகள் நிறைந்தது. முதல் பூச்சை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே ஈரத்தையும் வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்ததுபோல் தோன்றும் மணற்கல்லில் வரைந்தால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழிதேடி வண்ணப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஏடு ஏடாகப் பிரியும் பலகைக் கற்களைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் கல்லின் மேலேடு கழன்றால் ஓவியமும் அதனுடன் போய்விடும்.

அடிப்பூச்சு இந்தப் பெட்டியில் இல்லை. வெண்கற்களுக்கு அது கட்டாயமில்லை என்று தயாரித்தவர்கள் வாதிடலாம். ஆயினும் கையேட்டின் மாதிரிப் படங்களில் பாதி கருநிறக் கற்களில் வரைந்தவை. அந்தப் படங்களில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, அதே பேனாக்களால் ஒரு கரிய பசால்ட் கல்லில் நேரடியாக வரைந்தால் மஞ்சள் பாசிநிறமாகத் தெரியும். காரணம் எளியது. வெள்ளைப் பேனாவில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அது ஒளியை மிக வலுவாகச் சிதறடிப்பதால் அடியிலுள்ள கருமையை மறைத்துவிடுகிறது. மஞ்சள், சிவப்பு ஆகியவற்றின் கரிம நிறமிகள் பெரும்பாலும் அரைகுறையாக ஒளி ஊடுருவுபவை. அடியில் வெண்மை இருந்தால்தான் அவற்றின் நிறம் எழும். ஆகவே கருநிறக் கற்களில் முதலில் ஜெஸ்ஸோ என்னும் வெண்ணிற அடிப்பூச்சையோ வெள்ளை அக்ரிலிக்கையோ இரண்டு மெல்லிய பூச்சுகளாகப் பூசி, அது காய்ந்த பிறகே வண்ணத்துக்குப் போக வேண்டும். ஜெஸ்ஸோவில் பொடி கலந்திருப்பதால் காய்ந்ததும் பரப்பு சற்றே சொரசொரப்பாகி, அடுத்த பூச்சுக்கு நல்ல பிடிமானமும் கிடைக்கிறது.

இனிப் பேனாக்கள். இந்தப் பெட்டியின் உயிர் இவைதான். மூடியைத் திறக்காமல் குலுக்கினால் உள்ளே ஒரு சிறு குண்டு ஓடும் ஓசை கேட்கிறது; அடியில் படிந்த நிறமியை அது கலக்கிவிடுகிறது. பிறகு முனையைத் தாளில் அழுத்தி அழுத்தி எடுத்தால், உள்ளிருக்கும் வால்வு திறந்து வண்ணம் மெல்ல முனைக்கு இறங்குகிறது. மலிவான பேனாக்களில் இந்த இடத்தில்தான் ஒரு பெரும் சொட்டு கல்லின் மேல் விழுந்து வேலையைக் கெடுக்கும். இவற்றில் அப்படி நேரவில்லை. 0.7 மி.மீ. முனைப் பேனாக்களின் கோடு தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே தடிப்பில் வருகிறது. ஒரு மயிலிறகின் கண்ணைச் சுற்றி இழையிழையாகக் கோடு போடும்போதும் வண்ணம் இடையில் அறுபடவில்லை. கருப்பும் வெள்ளையும் ஒரே பூச்சில் மூடுகின்றன. நீலம், பச்சை ஆகியவற்றுக்கு இரண்டு பூச்சுகள் தேவைப்படுகின்றன.

ஒரு பழக்கம் மட்டும் தேவை. அடிவண்ணம் முழுதும் காயாத நிலையில் அதன் மேல் இன்னொரு நிறத்தைப் போட்டால், முனை உழுததுபோல் அடிவண்ணத்தைக் கிளறிவிடும். முனையிலும் அந்த நிறம் ஏறிக்கொள்ளும். அக்ரிலிக் காய்வது நீர் ஆவியாவதோடு முடிந்துவிடுவதில்லை. நீர் வெளியேற வெளியேற நுண்ணிய நெகிழித் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாக மாற வேண்டும். தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடங்களில் வந்துவிடும். படலம் முழு உறுதி அடைய நாள்கள் ஆகும். குளிர்ந்த அறையில் இந்த இணைவே சரியாக நடக்காது. சொரசொரப்பான கல்லில் நுண்முனைப் பேனாவை அழுத்தினால் முனை நார்நாராகப் பிரிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அடிப்பூச்சின் தேவையை வலியுறுத்த இது இன்னொரு காரணம்.

பேனாக்களைப் பற்றி எனக்குள்ள ஒரே வருத்தம், எதிலும் நிறமியின் குறியீடு அச்சிடப்படவில்லை என்பது. ஓவியர்களுக்கான தரமான வண்ணக் குழாய்களில் பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பி.ஆர். 101 என்றால் செயற்கை இரும்பு ஆக்சைடுச் சிவப்பு என்று உள்ளிருப்பது தெரிந்துவிடும். இங்கே தெரியாததால் நானே ஒரு சோதனை செய்தேன். ஒரே கல்லில் எல்லா நிறங்களையும் பட்டைகளாகத் தீட்டி, பாதியைக் கருப்புத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் சில வாரங்கள் வைத்தேன். தாளை எடுத்தபோது செங்காவி, கருப்பு, வெள்ளை ஆகியவற்றில் எல்லைக்கோடே தெரியவில்லை. ஒளிர் இளஞ்சிவப்பும் ஒளிர் ஆரஞ்சும் வெளிறியிருந்தன. ஒளிர்வண்ணங்கள் சாயத்தை அடிப்படையாகக் கொண்டவை; புற ஊதாக் கதிரில் அவை சிதைவது இயல்பே. இரும்பு ஆக்சைடோ அப்படியன்று. தெற்குப் பிரான்சின் மாஸ் தசில் குகையில் 1880களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் எட்வார் பியெத் கண்டெடுத்த கூழாங்கற்களில், 10,000 ஆண்டுகளுக்கும் முன்னே செங்காவியால் வைத்த புள்ளிகளும் பட்டைகளும் எஞ்சியிருந்தன. குகையின் இருளும் அவற்றைக் காத்தது உண்மைதான். ஆனால் நிறமியின் உறுதி இல்லாமல் அது நடந்திருக்காது. நெடுநாள் வைத்திருக்க விரும்பும் ஓவியத்துக்கு இந்தப் பெட்டியின் செங்காவி, பழுப்பு, கருப்பு, வெள்ளை ஆகிய நான்கையும் நம்பலாம்.

புள்ளிக் கருவிகள் இருமுனையிலும் வெவ்வேறு அளவு உருண்டைகள் கொண்ட உலோகக் குச்சிகள். நடுப்புள்ளியைச் சுற்றி வட்டவட்டமாக விரியும் மண்டலா வடிவங்களுக்கு இவை போதுமானவை. பேனா வண்ணம் இதற்கு நீர்த்துப்போனது. சற்றுக் கெட்டியான புட்டி அக்ரிலிக்கை ஒரு தட்டில் ஊற்றிக்கொண்டு, மோர்ப் பதத்தைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும்படி நீர் கலந்தால் புள்ளி மேலே கூம்பாமல் வட்டமாக அமர்கிறது. குச்சியை நேர் செங்குத்தாக வைத்து, நேராகவே தூக்க வேண்டும். ஒருமுறை தோய்த்து வரிசையாக வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிடச் சிறிதாகி, பூவிதழின் வால் தானாகவே உருவாகிறது. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவில் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தோய்க்க வேண்டும். கல்லின் சரிவில் பெரிய புள்ளி கீழ்நோக்கி வழியும் என்பதால், புள்ளி வைக்கும் இடம் எப்போதும் மேலே சமமாக இருக்கும்படி கல்லைத் திருப்பிக்கொண்டே இருப்பது அவசியம். இந்தக் கருவிகளில் வண்ணம் காய்ந்தாலும் நகத்தால் உரித்துவிடலாம் என்பது ஒரு வசதி.

தூரிகைகள் சுமார். நெகிழித் தகடுகள் தட்டையான தாளுக்கு உரியவை. வளைந்த கல்லின் மேல் ஓரம் தூக்கிக்கொண்டு வண்ணம் அடியில் கசிகிறது. படியெடுக்கும் தாள் வெண்கல்லில் மட்டும் உதவும்.

வார்னிஷ்தான் இந்தப் பெட்டியில் என்னை மிகவும் ஏமாற்றிய பொருள். அதே நாளில் வரைந்த கருப்புக் கோட்டின் மேல் தூரிகையால் பூசியதும் கோடு கரைந்து, வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற இழுப்பாகப் பரவியது. ஒரு நாள் காயவிட்டுப் பூசியபோது இழுப்பு குறைந்ததே தவிர முற்றிலும் நிற்கவில்லை. பூச்சு காய்ந்தபின்னும் பிசுபிசுப்பு போகவில்லை. ஒன்றையொன்று தொட்டபடி வைத்திருந்த இரு கற்களைப் பிரித்தபோது ஒன்றின் வண்ணம் மற்றதில் ஒட்டிக்கொண்டு வந்தது. நீரில் ஊறவைத்தால் பூச்சு பால்நிறமாக மங்குகிறது. இப்படியிருக்க, பெட்டியின் அட்டைப்படத்தில் ஓவியக் கற்கள் தோட்டத்துத் தடாகத்தின் ஓரத்தில் நீர் தொட அடுக்கப்பட்டிருப்பதை நேர்மையான விளம்பரம் என்று என்னால் ஏற்க முடியாது. அக்ரிலிக் என்பது நெகிழிப் படலம்; அது உரிந்து மீன் வாழும் நீரிலோ மண்ணிலோ கலப்பது நல்லதன்று. மீன்தொட்டிக்குள் இக்கற்களை ஒருபோதும் இடக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

நான் இப்போது பின்பற்றும் வழி, பெட்டியின் வார்னிஷைத் தொடாமல் ஓவியத்தைச் சில நாள்கள் காயவிட்டு, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான தெளிப்பு வார்னிஷைக் காற்றோட்டமான இடத்தில் ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவிலிருந்து பனி படிவதுபோல் மெல்லிய பூச்சுகளாகத் தெளிப்பது. சில தெளிப்புகளில் உள்ள கரைப்பான் பேனா வண்ணத்தைக் கரைக்கக்கூடும் என்பதால், அதே பேனாவால் கிறுக்கிய ஒரு வீண் கல்லில் முதலில் தெளித்துப் பார்த்துவிடுவது நல்லது. தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகள் உறுதியானவை. எபாக்ஸி பிசின் ஊற்றினால் கண்ணாடி போன்ற ஆழம் கிடைக்கும். ஆனால் அது வெயிலில் மஞ்சளாகும், இறுகும் முன் கையுறையின்றித் தொடவும் கூடாது. குழந்தைகள் அருகிலிருக்கும் வீட்டில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

குழந்தைகளுக்காக வாங்குபவர்கள் பேனாக்களையும் கற்களையும் மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, தேய்ப்பதையும் தெளிப்பதையும் தாங்களே செய்துகொள்ளலாம். மிகச் சிறிய குழந்தைகள் வாயில் போடக்கூடிய அளவில் இரண்டு மூன்று கற்கள் பெட்டியில் இருப்பதால் அவற்றை முதலிலேயே அகற்றிவிட வேண்டும். பெரியவர்கள் இதை வாங்குவதென்றால் உப்புத்தாள், ஜெஸ்ஸோ, நல்ல தெளிப்பு வார்னிஷ் ஆகிய மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அருகிலேயே நல்ல கூழாங்கற்கள் கிடைக்குமானால் முழுப் பெட்டி தேவையே இல்லை. இதே பேனாக்கள் தனித் தொகுப்பாகவும் விற்கப்படுகின்றன, அதையும் ஒரு செட் புள்ளிக் கருவிகளையும் வாங்கினால் போதும்.