‘பயமா இருக்கு’, ‘பிடிக்கலை’: பதற்றமும் மனச்சோர்வும்

தூக்கம் இல்லை, உடம்பெல்லாம் அசதி, எதிலும் கவனம் நிற்கவில்லை. இந்த மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், வந்திருப்பது பதற்ற நோயா மனச்சோர்வா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பொதுப் பதற்ற நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு சொல்லும் 6 அறிகுறிகளில் இந்த மூன்றும் உண்டு. மனச்சோர்வின் 9 அறிகுறிகளிலும் இதே மூன்றும் உண்டு.

போதாக்குறைக்குப் பெயர்க் குழப்பம் வேறு. டிப்ரஷனுக்குப் பத்திரிகைகள் ‘மன அழுத்தம்’ என்று எழுதுகின்றன, ஆபீஸ் டென்ஷனுக்கும் அதே சொல்தான். இலங்கைத் தமிழில் ஆங்ஸைட்டிக்குப் ‘பதகளிப்பு’ என்று ஒரு சொல் இருக்கிறது. சொல்லும்போதே நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிகிறது. இங்கே பதற்றம், மனச்சோர்வு என்றே வைத்துக்கொள்வோம்.

எது என்று தெரியாத நிலையில் மனச்சோர்வைத்தான் முதலில் தேட வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கட்சி.

எல்லாரும் அறிந்த வேறுபாடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பதற்றம் நாளை வரப்போவதை நினைத்து நடுங்கும். மனச்சோர்வு ‘இனி என்ன இருக்கிறது’ என்று உட்கார்ந்துவிடும். பொதுப் பதற்ற நோய் என்று சொல்ல 6 மாதமாவது கட்டுக்கடங்காத கவலை இருக்க வேண்டும், மனச்சோர்வுக்கு 2 வாரம் போதும். பதற்றக்காரருக்குப் படுத்தால் தூக்கம் பிடிக்காது. மனச்சோர்வில் பலர் தூங்கிவிடுவார்கள், ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பாக விழிப்பு வந்துவிடும். அந்த விடியற்காலைதான் நாளிலேயே மிகக் கனமான பொழுது.

இவையெல்லாம் துணைச் சாட்சிகள். வழக்கைத் தீர்ப்பது ஒன்றுதான்: ஆசை இருக்கிறதா, இல்லையா?

அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒருவர் போகவில்லை என்று வையுங்கள். பதற்றக்காரர் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருப்பார். மண்டபத்துக் கூட்டத்தில் மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று கடைசி நேரத்தில் நின்றுவிடுவார். அன்று மாலை வாட்ஸ்அப்பில் வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து ஏங்குவார். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பத்திரிகை வீட்டுக்கு வந்த நாளே சுமை. படங்களைத் திறக்கமாட்டார். ஒருவேளை போயே வந்திருப்பார். பந்தியில் பாயசம் சாப்பிட்டிருப்பார். அது இனித்ததா என்று கேட்டால் பதில் வராது. வெளியே இருந்து பார்த்தால் இருவருமே ‘எங்கேயும் வரமாட்டேங்கிறார்’தான்.

அதனால் ‘சந்தோஷமா இருக்கியா?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘பயம், கூட்டம், உடம்பு எதுவுமே தடையில்லைன்னா போகணும்னு தோணுதா?’ என்று கேட்க வேண்டும். ‘அப்படின்னா ஓடிப்போயிருப்பேனே’ என்றால் பதற்றத்தின் பக்கம். ‘அப்பவும் தோணாது’ என்றால் மனச்சோர்வின் பக்கம். ஒரு கேள்வியோடு விடாமல், அந்த மனிதருக்கு முன்பு பிடித்திருந்த மூன்று நான்கு விஷயங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும்: காலை காபி, கிரிக்கெட், பேரப்பிள்ளையின் வீடியோ கால், சாமி கும்பிடுவது. முன்பே பிடிக்காதது கணக்கில் சேராது.

இதில் வழுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, கடமை. மூன்று வேளையும் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்ணைப் பார்த்து ‘அவளுக்கென்ன, எல்லா வேலையும் செய்யிறாளே’ என்பார்கள். வேலை நடப்பது ஆசை இருப்பதற்குச் சாட்சி அல்ல. இரண்டாவது, நல்ல செய்தி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் பதற்றக்காரர் முகம் இரண்டு நாளாவது தெளியும், பிறகுதான் அடுத்த கவலை. மனச்சோர்வில் பெரும்பாலும் முகம் அப்படியே இருக்கும். ஆனால் மனச்சோர்விலேயே ஒரு வகை உண்டு, நல்ல செய்திக்கு மனம் கொஞ்சம் எழும், தூக்கமும் பசியும் குறையாமல் கூடும். அங்கே இந்தச் சோதனை ஏமாற்றும். பதின்வயதுப் பிள்ளைகளிடமும் இதை முழுதாக நம்பக் கூடாது. அவர்களுக்குச் சோகத்தைவிட எரிச்சலாகவே வெளிப்படும். வயதானவர்களிடம் வயிறு மந்தம், கைகால் எரிச்சல் என்று உடம்பின் வழியாகத்தான் பேசும்.

மனச்சோர்வை முன்னால் வைப்பதற்குக் காரணம், பதற்றம் சத்தம் போடும், மனச்சோர்வு போடாது. படபடப்பு, வியர்வை, மூச்சுமுட்டல் என்று பதற்றம் தானே அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போகும். (வயது 40 தாண்டியவருக்கு முதல்முறை நெஞ்சுவலி, படபடப்பு என்றால் ஈசிஜி பார்த்த பிறகுதான் பதற்றம் என்ற பேச்சே எடுக்க வேண்டும்.) சத்தத்துக்கு வைத்தியம் பார்த்து அனுப்பினால் அடியில் கிடப்பது தப்பிவிடுகிறது. வழக்கமான வழி, படபடப்பை அடக்கும் அல்பிரசோலம் மாத்திரை. ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்கும், இரவில் தூக்கமும் வரும், வீட்டில் எல்லாரும் ‘சரியாயிடுச்சு’ என்பார்கள். அந்த மாத்திரை மனச்சோர்வைத் தொடுவதில்லை. சில வாரத்தில் அதே அளவு பத்தாமல் போகும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் பழைய பதற்றமும் இரட்டிப்பாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். பழைய சீட்டை நீட்டி வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் படிக்கட்டில் குறைத்துத்தான் இறங்க வேண்டும்.

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் என்ற மாத்திரைகளை இரண்டு நோய்க்குமே தருகிறார்களே, பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து ஒன்றுதான், ஆரம்பிக்கும் விதம் வேறு. முதல் ஒன்றிரண்டு வாரத்தில் இவை படபடப்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். திடீர்ப் பீதி வருகிறவருக்கு எஸ்சிடலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்குவது அதற்காகத்தான். மனச்சோர்வுக்கு 10-லேயே தொடங்குவது வழக்கம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பதற்றக்காரர் மூன்றாம் நாளே ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று நிறுத்திவிடுவார். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய 6 வாரம்கூட ஆகும். குணமான பிறகும் 6 மாதமாவது தொடர வேண்டும்.

மருந்தைத் தாண்டினால் இரண்டு பாதையும் வேறு வேறு. பதற்றத்துக்குப் படிப்படியாகப் பயத்தின் முன்னே நிற்க வேண்டும். பஸ் பயம் என்றால் முதலில் நிறுத்தத்தில் 15 நிமிடம் நிற்பது, பிறகு துணையோடு ஒரு ஸ்டாப், பிறகு தனியாக ஒரு ஸ்டாப். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால் ‘தப்பித்தோம்’ என்ற பாடம்தான் மனதில் பதியும். கொஞ்சம் தணியும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கடிகாரம்தான் துணை. ஆசை வரட்டும் என்று காத்திராமல், காலை 7 மணிக்கு 10 நிமிட நடை என்று தாளில் எழுதி, தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் செய்வது. முதல் நாளே ஒரு மணி நேரம் என்று வைத்துத் தோற்பதுதான் இங்கே வழக்கமான தவறு. தோல்வி குற்ற உணர்வில் போய்ச் சேரும். அறிவுரையை மாற்றிக் கொடுத்தால் இன்னும் மோசம். பதற்றக்காரரிடம் ‘வீட்டிலேயே ரெஸ்ட் எடு’ என்றால் பயம் வேரூன்றும். மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘தைரியமா இரு’ என்றால் அவர் தன்னைக் கோழை என்றும் சேர்த்து எழுதிக்கொள்வார்.

இரண்டும் சேர்ந்தே வருவதும் சகஜம். அப்போது எது முந்தியது என்று பார்க்க வேண்டும். சிறு வயதிலிருந்தே கூச்சமும் பயமும் இருந்து, அதனால் வேலை, நட்பு எல்லாம் சுருங்கி, அந்தச் சுருக்கத்தில் சோர்வு வந்திருந்தால் பதற்றத்தை முதலில் பிடிப்பதே பலன் தரலாம். மேலே சொன்ன கட்சி இந்த இடத்தில் கொஞ்சம் வளைந்துதான் கொடுக்க வேண்டும்.

கிளினிக்கில் தரும் கேள்வித்தாள்கள் இரண்டு. மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9, மொத்த மதிப்பெண் 27. பதற்றத்துக்கு ஜிஏடி-7, மொத்தம் 21. இரண்டிலும் 10-ஐத் தொட்டாலே மேலே விசாரிக்க வேண்டும் என்பது கணக்கு. இருவகையினருக்கும் இரண்டிலுமே எண்ணிக்கை ஏறும் என்பதால் கூட்டுத்தொகை மட்டும் வேறுபாட்டைக் காட்டாது. பிஎச்க்யூ-9-ஐக் கூட்டுவதற்கு முன் முதல் கேள்வியையும் ஒன்பதாம் கேள்வியையும் பாருங்கள். முதல் கேள்வி ஆசையைப் பற்றியது. ஒன்பதாம் கேள்வி சாவைப் பற்றியது. அங்கே பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் மற்றதெல்லாம் பிறகுதான். ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடக் கூடாது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனநல உதவிக்கு அழைக்க இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, இரவிலும் எடுப்பார்கள்.

மருந்து தொடங்கும் முன் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு கூடினால் பதற்றம் மாதிரியும், குறைந்தால் மனச்சோர்வு மாதிரியும் வேஷம் கட்டும். இன்னொன்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் வீட்டார் சொல்லிவிட வேண்டும்: முன்பு எப்போதாவது நாலைந்து நாள் தூக்கமே இல்லாமல், அசதியும் தெரியாமல், ஓயாத பேச்சும் கண்டபடி செலவுமாக இவர் இருந்ததுண்டா? இருந்திருந்தால் அது இருதுருவ நோயாக (பைபோலார்) இருக்கக்கூடும். அவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்த வெறி திரும்பக் கிளம்பலாம்.