ஸ்டிக்கர் புதிது, காலிபரேஷன் பழையது: மேசை மல்டிமீட்டர் வாங்குவோர் கவனத்துக்கு

எச்பி 34401ஏ, வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகியவற்றை மிக நுணுக்கமாக அளக்கும் ஆறரை இலக்க மேசை மல்டிமீட்டர். பழையதானாலும் ஒழுங்காகப் பராமரித்தால் இன்றைக்கும் நம்பி அளக்கலாம் என்பதால் தேடி வாங்கினேன். வயதாகிக் கெடும் கெபாசிட்டர்கள் எல்லாம் மாற்றியாயிற்று, காலிபரேஷனும் (கருவி காட்டும் அளவுகளைத் தர அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது) அண்மையில் செய்ததுதான் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். முகப்பில் பளபளவென்று ஒரு காலிபரேஷன் தேதி ஸ்டிக்கர்.

அதன் ஓரம் சற்றே தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், ஏழு ஆண்டு பழையது. கருவியின் மெனுவில் காலிபரேஷன் செய்தவர் பதிந்து வைக்கும் சிறு செய்தியைப் பார்த்தேன். அதிலும் அதே பழைய தேதி! செய்தியை மாற்றாமல் விடுகிறவர்களும் உண்டு என்பதால் சான்றிதழ் கேட்டேன். அப்படி ஒன்று அவரிடம் இல்லவே இல்லை.

மூடியைத் திறந்ததும் வயிறு எரிந்தது. பின்பக்கத்து 3 ஆம்பியர் ஃபியூஸ் சரியாகவே இருந்தது. உள்ளே 7 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிச் சால்டர் வைத்திருந்தார்கள். வெளி ஃபியூஸ் மின்னோட்டத்தைத் துண்டிக்கத் தவறினால் அளப்பவரைக் காக்க இருப்பது அந்த உள் ஃபியூஸ்தான். இதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவர் கை பொசுங்கியிருக்கும்.

மாற்றிய கெபாசிட்டர்களைச் சுற்றியும் உள்ளீட்டுப் பகுதியிலும், சால்டர் வைக்கும்போது பூசும் ஃப்ளக்ஸ் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. அதன் வழியே மின்னோட்டம் கசிகிறதா என்று பார்க்க, மீட்டரின் உள்ளீட்டுத் தடையை 10 ஜிகா ஓமுக்கு மேல் என்ற அமைப்பில் வைத்து, 10 வோல்ட் மூலத்தை 1 மெகா ஓம் மின்தடை வழியாக அளந்தேன். நல்ல மீட்டரில் 1 மில்லிவோல்ட்கூடக் குறையக் கூடாது. இதில் ஏறத்தாழ 10 மில்லிவோல்ட் குறைந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தூரிகையை நனைத்து இரண்டு முறை கழுவி, ஒரு நாள் உலர விட்டபின் அந்தக் குறை மறைந்தது. அப்படியானால், பழுது பார்த்ததாகச் சொன்னவர் கையாலேயே வந்த பழுது அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்கள் திறந்துவிட்டீர்கள், இனி என் பொறுப்பில்லை" என்றார். திறக்காமல் அந்தக் கம்பியை எப்படிப் பார்ப்பது?

வாங்குமுன் மூடி திறந்த படம், காலிபரேஷன் எண்ணிக்கையும் (காலிபரேஷன் செய்யும்போதெல்லாம் கருவி தானே கூட்டி வைப்பது) செய்தியும் திரையில் தெரியும் படம், சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். எண்ணிக்கையையும் செய்தியையும் பார்க்கக் கடவுச்சொல் வேண்டியதில்லை. "தெரியாது" என்று விற்பவர் நழுவினால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், மின்னோட்டம் அளக்கும் முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அந்த உள் ஃபியூஸை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.