மல்டிகாஸ்ட் ஸ்விட்ச் என்று சொல்லி 1,84,000 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

பழைய நெட்வொர்க் கருவிகளைச் சீரமைத்து விற்கும் ஓர் இணையக் கடையிடம் ஐந்து ஸ்விட்சுகளுக்காக (நெட்வொர்க் கேபிள்களை இணைத்துத் தரவை உரிய இடத்துக்கு அனுப்பும் பெட்டிகள்) 1,84,000 ரூபாயைப் பறிகொடுத்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். எங்கள் தங்கும் விடுதியின் அறைகளுக்கு ஐபி டிவி, அதாவது நெட்வொர்க் வழியாக டிவி, வழங்க அவை தேவைப்பட்டன: 40 சேனல்கள், சேனலுக்கு நொடிக்கு 8 மெகாபிட், எல்லாமே மல்டிகாஸ்ட், அதாவது ஒரே ஓட்டத்தைக் கேட்கும் எல்லா அறைகளுக்கும் பகிர்ந்து அனுப்பும் முறை.

பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் விரிவாகப் பேசினேன். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (எந்த போர்ட் எந்தச் சேனலைக் கேட்கிறது என்று பட்டியல் வைத்து அங்கே மட்டும் அனுப்பும் வசதி) உண்டு, குவெரியர் (இன்னும் யார் பார்க்கிறார்கள் என்று அவ்வப்போது விசாரிக்கும் வசதி) உண்டு, பஃபர் (அனுப்பக் காத்திருக்கும் தரவைத் தேக்கிவைக்கும் நினைவகம்) 12 மெகாபைட் என்றார் விற்பனையாளர், விவரத்தாளையும் அனுப்பினார். எங்கள் சர்வர் நொடிக்கு 10 கிகாபிட்டில் அனுப்புகிறது, மாடிகளுக்கு 1 கிகாபிட்டில்தான் போகிறது என்று நான் சொன்னவுடன், "அந்த இடத்தில்தான் சார் பஃபர் வேண்டும்" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். விஷயம் தெரிந்த மனிதர் என்ற நம்பிக்கை அந்த நொடியில்தான் வந்தது, பணமும் அன்றே போனது.

வந்து சேர்ந்தவை அதே வரிசையின் கடைநிலை மாடல்கள். குவெரியர் அவற்றில் இல்லை. உறுப்பினர்களை 125 நொடிக்கு ஒருமுறை விசாரிக்க ஆளில்லாததால், 260 நொடி கடந்ததும் ஸ்விட்ச் தன் பட்டியலை அழித்துவிட, ஓடிக்கொண்டிருந்த படம் அறைக்கு அறை நின்றது. ரவுட்டரில் குவெரியரை இயக்கி அதைச் சரிசெய்த பிறகு, திரையில் கட்டம் கட்டமாகச் சிதறல். பஃபர் எல்லா போர்ட்டுகளுக்கும் பொதுவாக வெறும் 1.5 மெகாபைட், 10 கிகாபிட்டில் கொட்டுவது 1 கிகாபிட்டில் வடியும்போது அது நிரம்ப ஒன்றரை மில்லிநொடிகூட ஆகாது. தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத யுடிபி முறையில் விழுந்த பாக்கெட் (தரவுத் துண்டு) மீண்டும் வராது என்பதால், நிரம்பி வழிந்ததெல்லாம் படத்தில் ஓட்டையாகத் தெரிந்தது.

முறையிட்டபோது முதலில் கேபிளைக் குறை சொன்னார்கள், அடுத்து எங்கள் சர்வரை. "கான்ஃபிகரேஷனுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற ஒற்றை வரி மின்னஞ்சலுக்குப் பின், விவரத்தாள் 'அந்த வரிசைக்குப் பொதுவானது' என்று கூசாமல் எழுதினார்கள். கான்ஃபிகரேஷனை மாற்றினால் சிப்பில் இல்லாத நினைவகம் முளைத்துவிடுமா? 1,84,000 ரூபாயைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து என் எண்ணுக்கு அவர்களிடமிருந்து பதிலே கிடையாது.

வாங்குவோர் வரிசையின் பெயரை நம்பாமல் முழு மாடல் எண்ணுக்கான பஃபர் அளவை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பெட்டியை வரவழைத்து, எல்லாச் சேனல்களையும் ஓடவிட்டு, போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே மிச்சத்துக்குப் பணம் கொடுங்கள். முன்பணம் முழுதாக வேண்டவே வேண்டாம். மற்றவற்றை விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லப் போகிறேன்.