பாவோபாப் விதை பாக்கெட்: விதை நன்று, லேபிள்தான் மோசம்

முளைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. முளைக்கும். ஆன்லைனில் வாங்கிய இந்தப் பாவோபாப், அதாவது பெருக்கமர விதைகளில் பூச்சியும் இல்லை, பதரும் இல்லை. கரும்பழுப்பு நிறம், சிறுநீரக வடிவம், சிலவற்றில் வெள்ளைச் சதையும் செந்நாரும்கூட ஒட்டியிருந்தன. ஆனால் தோல் கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உள்ளே வெள்ளைப் பருப்பு லேசாகத் தெரியும்வரை ஒரு பக்கம் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும், பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, அதை மன்னிக்கலாம். அட்டைப்படத்தை மன்னிக்க முடியாது. படத்தில் இருப்பது மடகாஸ்கரில் மொரொண்டாவா பக்கம் சாலையின் இருபுறமும் நெட்டையாக நிற்கும் அடன்சோனியா கிராண்டிடியெரி என்ற பெருக்கமர இனம். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பதோ அடன்சோனியா டிஜிடாட்டா, ஆப்பிரிக்கப் பெருநிலத்து மரம். பெருக்கமரத்தில் மொத்தம் 8 இனங்கள். 6 மடகாஸ்கரில் மட்டும், ஒன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், மிச்சம் ஒன்றுதான் இந்த டிஜிடாட்டா. மற்ற ஏழுக்கும் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் இரண்டு தொகுதி, இதற்கு மட்டும் நான்கு. படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியவருக்கு அந்த உருவம் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை.

அப்புறம், "ஆப்பிரிக்க விதை" என்றால் என்ன அர்த்தம்? செனகலா, தான்சானியாவா, தென்னாப்பிரிக்காவா? மேற்கு ஆப்பிரிக்க மரங்களும் கிழக்கு, தெற்குப் பகுதி மரங்களும் மரபணுவில் தெளிவாகவே வேறுபடுகின்றன. ஒரே கிராமத்துக்குள்ளேயே மரத்துக்கு மரம் பழத்தின் புளிப்பு மாறும், இலையின் ருசி மாறும். மாலியிலும் புர்கினா பாசோவிலும் இலையைக் கீரையாகச் சமைக்கிறவர்களுக்கு எந்த மரத்து இலை கசக்கும் என்பது அத்துப்படி. பூ கொட்டிக் கிடந்தும் காயே பிடிக்காத மரங்களும் உண்டு. இரவில் மலரும் பூக்களுக்கு வௌவால்கள்தான் பெரும்பாலும் மகரந்தம் கொண்டுவருகின்றன, அதுவும் வேறு மரத்து மகரந்தமாக இருந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். அதனால் தாய் ஒன்றானாலும் தகப்பன் பல. ஒரே மரத்துப் பழங்களை உடைத்து நிரப்பினார்களா, பத்து மரத்து விதைகளைக் கலந்தார்களா என்று சொல்லாமல் விற்றால், தோப்பு போட நினைப்பவர் எதை நம்பி நடுவார்?

என் கன்றுகளிலேயே வித்தியாசம் தெரிகிறது. எல்லாமே முதலில் ஒற்றை இலையாகத்தான் விட்டன. சில சீக்கிரமே விரல் விரித்த இலைக்கு மாறிவிட்டன, சில இன்னும் ஒற்றையிலேயே நிற்கின்றன. சீக்கிரம் பழம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள், சில வருடங்களில் காய்க்கும். விதைக்கன்று பத்து வருடத்துக்கு மேலும் காக்கவைக்கும். ஆனால் ஒட்டு என்பது பிடித்த மரத்தின் அச்சு நகல். எல்லோரும் அதே சில தாய்மரங்களையே ஒட்டினால் தோப்பு பெருகும், மரபணு வளம் பெருகாது.

"அழியும் மரத்தைக் காப்போம்" என்று முன்பக்கத்தில் பெரிதாக வேறு போட்டிருக்கிறார்கள். நிஜமாகவே விளிம்பில் நிற்பது மடகாஸ்கரின் பெரியெரி இனம். அதே தீவின் கிராண்டிடியெரியும் சுவாரெஸென்சிஸும் ஆபத்துப் பட்டியலில் இருப்பவை, அவற்றில் மரபணு வேறுபாடு குறைவு என்று 2024-இல் வந்த மரபணுத்தொகுதி ஆய்வும் சொன்னது. டிஜிடாட்டாவுக்குக் கவலையே இல்லை என்று சொல்லவில்லை. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய 13 மரங்களில் 9 மரங்கள் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் பட்டுப்போயின அல்லது அவற்றின் பழைய தண்டுகளாவது சரிந்தன என்று 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. பல இடங்களில் மாடும் ஆடும் மேய்வதால் இளங்கன்றும் தப்புவதில்லை. அதற்கு நான் தொட்டியில் வளர்ப்பது எந்த விதத்தில் உதவும்? காய்ந்த விதையைக் குளிரில் வைத்தால் நெடுநாள் தாங்கும் என்பதால் விதை வங்கிகளில் சேர்த்து வைக்கிறார்கள். அங்கே எந்த இடத்தில் எடுத்த விதை என்ற குறிப்பு இல்லாவிட்டால் பாதி மதிப்பு போய்விடும்.

விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டேன், "ஆப்பிரிக்கா" என்றே மறுபடியும் பதில் வந்தது. சும்மா வளர்த்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தாராளமாக வாங்கலாம். மூன்று நட்சத்திரம், அதுவும் விதைக்காக மட்டும்.